நான் வரும்வரை யாரும் இறங்காத கண்மாய்

செத்த மீன் வாடை எனக்குப் பிடிக்கும். சொன்னால் ஆளை ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். என்ன செய்ய, பிழைப்பு அப்படி. அமெரிக்காவின் வடமேற்கு மூலையில் ஒரு பள்ளத்தாக்கு. அங்கே சால்மன் மீன்களை ஆற்றுக்குத் திரும்ப வரவைப்பதற்கென்று இருக்கிற ஒரு தொண்டு நிறுவனத்துக்கு நான் தலைவன். தலைவன் என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். மொத்தம் ஆறு பேர், ஒரு ஓட்டை வேன். ஆற்றில் பிறந்து கடலுக்குப் போகிற சால்மன், வளர்ந்தபிறகு பிறந்த ஆற்றைத் தேடி எதிர்த்து ஏறி வரும். வந்து முட்டையிடும், செத்துப்போகும். கரையெல்லாம் மீன் செத்து நாறினால் அது நல்ல வருஷம். நாறாவிட்டால் நாங்கள் ஆறு பேரும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்போம். கொஞ்ச வருஷமாக நாறவே இல்லை.

அங்கே நான் சொல்வதை யாரும் கேட்பதில்லை என்பது என் நிரந்தரப் புலம்பல். உபயோகமில்லாத பழைய தடுப்பணையை உடையுங்கள் என்றால் கேட்க மாட்டார்கள். கரையோர மரத்தை வெட்டாதீர்கள் என்றால் கேட்க மாட்டார்கள். இந்த ஒரு மாதம் மட்டும் தூண்டில் போடாதீர்கள் என்று கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சொன்னாலும் கேட்க மாட்டார்கள். கூட்டம் போட்டால் வருவார்கள், மரியாதையாகத் தலையாட்டுவார்கள், நான் போட்டுவைத்த காபியைக் குடித்துவிட்டுப் போய்விடுவார்கள். ஒன்பது வருஷமாக இதே கதை. ஒரு ஊராவது நான் சொன்னபடி செய்து பார்க்காதா என்று அந்த வேனிடம்கூடப் பேசியிருக்கிறேன்.

அப்படி இருந்தபோதுதான் பாண்டியம்மாவின் போன் வந்தது. சிங்கம்புணரிக்கு அங்குட்டுத் தள்ளி ஒரு கிராமம், அங்கே கண்மாய்ப் பாசன சங்கத் தலைவி அவர். திருப்பத்தூரில் என் அக்கா வீட்டுக்காரர் உரக்கடை வைத்திருக்கிறார். யூரியா வாங்க வந்த பாண்டியம்மாவிடம், மச்சான் பெருமைக்கு என் கதையை அளந்துவிட்டிருக்கிறார்.

"அண்ணே, நீங்க மீனைக் காப்பாத்துற வேலை பாக்குறீகளாமே? எங்க கண்மாயில நாட்டு மீனே அத்துப்போச்சுண்ணே. நாங்க சின்னப் பிள்ளையா இருந்தப்ப பாத்த மீனெல்லாம் எங்க போச்சுன்னு தெரியல. என்ன செய்யலாம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

அந்தப் பக்கத்து வழக்கம் எனக்குத் தெரியும். கோடையில் கண்மாய் வற்றி, மடைக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தில் இடுப்பளவு தண்ணீர் நிற்கும்போது ஒரு நாள் குறிப்பார்கள். சுற்றுவட்டார ஊரெல்லாம் கரையில் வந்து நிற்கும். ஒருவர் வெள்ளைத் துண்டை வீசுவார். அவ்வளவுதான், மீன்மேல் கவிழ்த்து அமுக்குகிற ஊத்தாக் கூடையும் கச்சா வலையுமாக மொத்த ஜனமும் தண்ணீருக்குள் பாயும். அழிகண்மாய் என்று பெயர். சாயங்காலத்துக்குள் சுண்டுவிரல் நீளக் குஞ்சுகூட மிஞ்சாது. அன்றைக்கு எந்த வீட்டில் நுழைந்தாலும் மீன் குழம்புதான்.

எல்லாம் தெரிந்தவன் மாதிரி நான் சொன்னேன். "இந்த வருஷம் நான் நேர்ல வந்து பார்க்கிறேம்மா. என்னென்ன மீன் இருக்குன்னு எண்ணிப் பார்த்து, எதைப் பிடிக்கலாம், எதை விதைக்கு விடணும்னு சொல்றேன். அதுவரைக்கும் யாரும் தண்ணிக்குள்ள இறங்க வேணாம்."

இந்த வாக்கியத்தை நான் வருஷத்துக்கு எத்தனையோ தடவை சொல்கிறவன். பத்துப் பேரிடம் சொன்னால் ஒருத்தர் பாதி கேட்டாலே லாபம் என்று பழகிப்போனவன். பாண்டியம்மா "சரிண்ணே" என்றார். நானும் சரி என்று வைகாசியில் கிளம்பினேன்.

காரைக்குடியில் ரயிலை விட்டு இறங்கும்போதே வெயில் முகத்தில் அறைந்தது. காலை எட்டு மணிக்கே அப்படி. என் பள்ளத்தாக்கில் அப்போதும் மலை உச்சியில் பனி இருந்தது. திருப்பத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் கிடைத்தது என்று சந்தோஷப்பட்டு உட்கார்ந்தால், வெயில் விழுகிற பக்கம். இறங்குகிறவரை ஒரு கன்னம் வெந்தது.

அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "என்னடா தம்பி, இப்படி எலும்பும் தோலுமா வந்து நிக்கிற? அங்க சோறு கிடைக்குமா கிடைக்காதா?" என் எடை எனக்குத் தெரியும். ஆனாலும் அக்காவிடம் எதிர்த்துப் பேசி யார் ஜெயித்தது? இடியாப்பம், தேங்காய்ப்பால், முதல் நாளே வைத்துச் சுண்டவைத்த ஆட்டுக்கறிக் குழம்பு. சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்கு அடியில் விழுந்தவன், சாயங்காலம் பள்ளிவாசலில் அஸருக்குப் பாங்கு சொல்லும்போதுதான் எழுந்தேன்.

பாண்டியம்மா போன் செய்தார். "வந்துட்டீகளாண்ணே? எப்ப இங்குட்டு வாரீக?"

"நாளைக்கு ஒரு வேலை இருக்கும்மா, கொத்தமங்கலம் வரைக்கும் போகணும். நாளன்னைக்கு வந்துர்றேன்."

"சரிண்ணே, அவசரமில்ல. நல்லா ஓய்வெடுத்துட்டு வாங்க." கொஞ்சம் நிறுத்திவிட்டுச் சொன்னார், "இங்க வெயில்தான் கொஞ்சம் கூட."

"ஆமாமா, எனக்கே தாங்கலை" என்றேன். என் ஊர்ப் பனியைப் பற்றி ஐந்து நிமிஷம் பேசினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அவர் சொல்ல வந்த சேதி முழுசும் வெயில் என்ற அந்த ஒரு வார்த்தையில்தான் இருந்தது. வெள்ளைக்காரன் எதையும் உடைத்துச் சொல்லிக் கேட்டே பழகிய என் காதில் அது ஏறவில்லை.

மறுநாள் கொத்தமங்கலம். பள்ளத்தாக்கில் என் வீட்டுக்கு நாலு தெரு தள்ளி சொக்கலிங்கம் என்று ஒரு நண்பர் இருக்கிறார். அவருடைய அம்மாவுக்கு மருந்துப் பொட்டலமும் முழங்கால் உறையும் கொடுத்துவிட்டு உடனே திரும்புவதாகத் திட்டம். திருப்பத்தூரில் பஸ் ஏறி, காரைக்குடியில் இறங்கி, டவுன் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் காய்ந்து, ஒருவழியாகப் போய்ச் சேர்ந்தபோது மணி பதினொன்று. கோட்டை மாதிரி வீடு. அதில் அவருடைய அம்மா ஆச்சியும் சமையலுக்கு ஒரு அம்மாவும் மட்டும்.

என் பங்குக்கு நான் ஒரு டப்பா சால்மன் மீன் கொண்டுபோயிருந்தேன். ஆச்சி மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு டப்பாவில் இருந்த படத்தைப் பார்த்தார். "இந்த மீனைப் பிடிக்கக் கூடாதுன்னு சொல்றதுதானே தம்பி உங்க உத்தியோகம்? சொக்கு சொன்னான். அதையே டப்பாவுல போட்டுக் கொண்டாந்து குடுக்குறீக?"

"இது வேற ஆத்து மீன் ஆச்சி."

"அது சரி. அந்த ஆத்து மீனைக் காப்பாத்துறது யாரு உத்தியோகமோ." சமையல்கார அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

கிளம்புகிறேன் என்றதும் ஆச்சியின் முகம் மாறிவிட்டது. "நல்லாருக்கு! வந்தவுகளப் பசியோட அனுப்பிச்சா எம் மகன் என்னைய என்ன நினைப்பான்? கோழி பாய் கடையில அறுத்து வாங்கினதுதான், பயப்படாம உக்காருங்க." வெண்டைக்காய் மண்டி, கோழி வறுவல், கெட்டித் தயிர், கடைசியில் இனிப்புக்குக் கவுனியரிசி. மண்டியை மூன்று தடவை கேட்டு வாங்கினேன். அரிசி கழுவின தண்ணீரில் புளியும் வெண்டைக்காயும் போட்டு இப்படி ஒரு ருசியைக் கொண்டுவருவதற்கு எந்த ஊர் ஓட்டல்காரனும் நூறு வருஷம் படிக்க வேண்டும்.

பையிலிருந்த போனை எடுத்துப் பார்த்தபோது மணி மூன்று. பாண்டியம்மா காலையிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே" என்றார். குரல் கம்மியிருந்தது. "சாப்பிட்டீகளா?"

"அதையேன் கேக்குற, ஆச்சி வீட்டு விருந்து. எந்திரிக்க முடியல."

"நல்லா சாப்பிடுங்க. நாளைக்குக் காலையில வந்துருவீகளாண்ணே?"

"விடியக்காலம் சுபுஹு தொழுதுட்டுக் கிளம்பிர்றேன்" என்றேன்.

கிளம்பவும் செய்தேன். சிங்கம்புணரி பஸ்தான் சதி செய்தது. பாதி வழியில் குபுகுபுவென்று முன்னால் ஆவி வந்து, ஒரு புளியமரத்தைத் தாண்டி நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப்போய் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, பஸ்ஸையே விவாகரத்து செய்கிறவர் மாதிரி கையை உதறினார். எல்லோரும் மர நிழலில் ஒதுங்கினோம். வெள்ளரிப்பிஞ்சுக் கூடையோடு வந்த இரண்டு பெண்கள் பக்கத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"இந்த வருசம் அவுக ஊர்ல கண்மாய் அழிக்கலையாம்ல?"

"யாரோ வெளிநாட்டுல இருந்து ஒருத்தன் வரணுமாம்டி. அவன் வந்து பாத்தாத்தான் இறங்குவாகளாம்."

"அவன் வந்து என்னத்தப் பண்ணப் போறான்? மீனுக்குப் பேரு வைக்கப் போறானா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. மறைப்பானேன், பெருமையாகவும் இருந்தது. ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு ஊர் நான் சொன்னதைக் கேட்டு நிற்கிறது. பள்ளத்தாக்குக்குப் போனதும் முதல் கூட்டத்தில் இதைத்தான் சொல்ல வேண்டும், நம்ம ஊர் ஜனங்களைப் பாருங்கள் என்று. வெள்ளரிப்பிஞ்சு வாங்கி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தின்றுகொண்டே, எப்படிப் பேசுவது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தேன். மாற்றுப் பஸ் வர இரண்டு மணி நேரம் ஆனது.

சிங்கம்புணரியில் பாண்டியம்மாவின் வீட்டுக்காரர் கருப்பையா மொபெட்டோடு காத்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். "வாங்க" என்றார், என் பையை வாங்கி முன்னால் வைத்துக்கொண்டார், அவ்வளவுதான். வழியெல்லாம் நான்தான் பேசினேன். தார் ரோடு முடிந்து கண்மாய்க்கரை தெரிகிற இடத்தில் அந்த வாடை வந்தது.

பழக்க தோஷம் என்பது எவ்வளவு கேவலமான சங்கதி என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அந்த வாடை மூக்கில் ஏறியதும் என் மனசு ஒரு கணம் குதித்தது. மீன் வந்துவிட்டது என்று குதித்தது. அடுத்த கணம்தான் நான் எங்கே இருக்கிறேன் என்பது உறைத்தது.

மடைப்பள்ளத்தில் முழங்காலுக்கும் கீழேதான் தண்ணீர் இருந்தது, அதுவும் பச்சைக் கூழாக. அது முழுக்க வெள்ளை வெள்ளையாக வயிற்றைக் காட்டிக்கொண்டு மீன். கெண்டை, ஜிலேபி, உள்ளங்கை நீளக் கெளுத்தி. ஓரத்துச் சேற்றில் அடுக்கினாற்போலக் குஞ்சுகள். காக்கையும் கொக்கும்கூடத் தின்று அலுத்துப்போய்க் கரையில் நின்றன. வேப்பமரத்தடியில் ஊர் உட்கார்ந்திருந்தது. ஆளாளுக்குப் பக்கத்தில் ஊத்தாக் கூடை. ஒரு கூடையும் நனைந்திருக்கவில்லை.

பாண்டியம்மா எழுந்து வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கண் சிவந்திருந்தது. "வாங்கண்ணே. பிரயாணமெல்லாம் சௌரியமா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"எப்பம்மா?"

"நேத்து விடியக்காலம் மேல வந்து வாயத் தொறந்து தொறந்து மூடுச்சுண்ணே. தண்ணி அம்புட்டுச் சூடு. உங்களுக்குப் போன் போட்டேன். நீங்க திருப்பிக் கூப்பிடுறதுக்குள்ள பாதிக்கு மேல போச்சு. சாப்பிட்டுக்கிட்டு இருக்கிறவுகள்ட்ட என்னத்தச் சொல்ல?"

"சொல்லியிருக்கணும்மா! பிடிங்கன்னு போன்லயே சொல்லியிருப்பேனே!" சத்தம் போட்டுவிட்டேன். யாரிடம் கோபம் என்று எனக்கே தெரியவில்லை.

தோளில் வெள்ளைத் துண்டோடு ஒருவர் எழுந்தார். ராமையா என்று பெயர், துண்டு வீசுகிற பாத்தியதை அவருடைய குடும்பத்துக்கு. "தம்பி, நீங்க வந்து பாக்கிறவரைக்கும் ஒருத்தரும் கால் வைக்கிறதில்லன்னு கருப்பர் முன்னால சூடம் அணைச்சு ஊரே சத்தியம் பண்ணியிருக்கோம். போன்ல பேசுறது வந்து பாத்ததாகுமா?"

நான் போனில் போகிறபோக்கில் சொன்ன பேச்சு. அதை இவர்கள் கருப்பர் சந்நிதிக்கு எடுத்துப்போய், சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியமாக்கியிருக்கிறார்கள். முதலில் ஊர் சம்மதிக்கவில்லையாம். பாண்டியம்மாதான் வீடு வீடாகப் போய்ப் பேசி, தலைமேல் அடித்துச் சத்தியம் செய்து ஒத்துக்கொள்ள வைத்திருக்கிறார். பள்ளம் எவ்வளவு ஆழம், வைகாசி வெயிலில் எத்தனை நாள் தாங்கும் என்று நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும், அங்கே இருந்த எந்த ஆளும் பதில் சொல்லியிருப்பார். குளிர்ந்து ஓடுகிற ஆற்றில் மீனைத் தொடாமல் விட்டால் பிழைக்கும். வற்றுகிற கண்மாயில் தொடாமல் விட்டால் வெந்து சாகும். இது தெரிய அமெரிக்கா போக வேண்டியதில்லை. திருப்பத்தூர் கடைத்தெருவில் மீன் வாங்கித் தின்றே வளர்ந்த நான் ஒரு கண்மாய்க்குள்ளும் கால் நனைத்ததில்லை.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் விடுவிடுவென்று முன்னால் வந்தார். "என்ன பாத்துக்கிட்டு நிக்கிறீக? எண்ணத்தானே வந்தீக? எண்ணுங்க! வருசத்துல ஒரு நா வகுறாரத் திங்கிற மீனு. எண்ணிச் சொல்லுங்க, எம்புட்டுச் செத்திருக்குன்னு!"

"ஏய், சும்மா இரு. வந்தவுகள அப்படிப் பேசாத" என்றார் பாண்டியம்மா.

"நீ பேசாத. உன்னாலதான் எல்லாம். இனிமே சங்கம் கிங்கம்னு யாரு வீட்டு வாசலையாவது மிதிச்சுப் பாரு."

பாண்டியம்மா தலையைக் குனிந்துகொண்டார். என்னைத் திட்டியதுகூட எனக்கு அவ்வளவு வலிக்கவில்லை. அந்தத் தலை குனிந்ததைத்தான் பார்க்க முடியவில்லை.

"சொல்லுங்க தம்பி, வீசவா?" என்றார் ராமையா. நான் சொல்லாமல் அவர் வீச மாட்டார் என்பது அப்புறம்தான் புரிந்தது. "வீசுங்கய்யா" என்றேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது, அடக்கவும் இல்லை. வெள்ளைத் துண்டு மேலே போய்க் கீழே வந்தது. யாரும் பாயவில்லை. ஒவ்வொருவராக எழுந்து, மூக்கில் துணியைக் கட்டிக்கொண்டு, அள்ளிப் புதைக்கக் கூடையோடு இறங்கினார்கள். நானும் பேண்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். தண்ணீர் உண்மையிலேயே சுட்டது. அள்ளும்போது என்னையறியாமல் வாய் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அதை நிறுத்த உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

பள்ளத்தின் நடுச்சேற்றைத் துழாவிக்கொண்டிருந்த பாண்டியம்மா திடீரென்று இரண்டு கையாலும் எதையோ அமுக்கிப் பிடித்தார். விரால். உயிரோடு இருந்தது. சேற்றுக்குள் புதைந்து, மேலே வந்து காற்றை விழுங்கிப் பிழைத்துக் கிடந்திருக்கிறது. தேடித் தேடி மொத்தம் மூன்று கிடைத்தன. குடத்தில் போட்டார்கள்.

"விருந்தாளிக்குக் குழம்புக்காச்சு" என்றார் ஒருவர். அதில் கேலி இருந்ததா என்று தெரியவில்லை.

"தொட்டுப்புடாதீக" என்றார் பாண்டியம்மா. நான் வந்ததிலிருந்து அவர் குரலை உயர்த்தியது அப்போதுதான். "இது வத்தாத ஊருணிக்குப் போகுது. மழை பேஞ்சு கண்மாய் பெருகுனா இங்குட்டுக் கொண்டாந்து விடணும்." குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அவரே நடந்தார். கூட யாரும் போகவில்லை. குடத்துக்குள் மூன்றும் மோதுகிற சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது.

குளித்துவிட்டுக் கிளம்பலாம் என்றிருந்தேன். பாண்டியம்மா விடவில்லை. தன் வீட்டுக் கூடத்தில் இலை போட்டார். சோறு, அதன்மேல் கொதிக்கக் கொதிக்க மீன் குழம்பு. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இது ஏதும்மா?"

"அவுகள சிங்கம்புணரிக்கு அனுப்பிச்சு வாங்கியாரச் சொன்னேன்." கருப்பையா வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். "ஆந்திராப் பக்கத்துக் கெண்டைண்ணே, ஐஸ்ல வந்தது. ருசி கம்மியாத்தான் இருக்கும். துண்டு வீசுன அன்னைக்கு ஊருக்கு வந்தவுக மீன் திங்காமப் போகக் கூடாது."

அடுப்படியில் அவர்களுக்கு வைத்திருந்த சட்டி திறந்து கிடந்தது. ரசம்.

முதல் கவளத்தை எடுத்தேன். தண்ணீரைக் குடித்து இறக்கினேன். பாண்டியம்மா எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். நகக்கண்ணில் இன்னும் சேறு இருந்தது. மன்னிப்புக் கேட்க இரண்டு தடவை வாயெடுத்தேன். இரண்டு தடவையும் "முள்ளு இருக்கும், பாத்துச் சாப்பிடுங்க" என்று வேறு பக்கம் திருப்பிவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே கேட்டார். "ஏண்ணே, அங்க உங்க ஆத்துல, நீங்க இறங்காதீகன்னு சொன்னா அந்தச் சனங்க கேப்பாகளா?"

"கேட்க மாட்டாங்கம்மா. ஒருத்தரும் கேட்க மாட்டாங்க."

அவர் தலையசைத்தார். எழுந்து மீன் குழம்புச் சட்டியை எடுத்து வந்து, வால் துண்டு ஒன்றை என் இலையில் வைத்தார்.

"நாங்க கேட்டோம்ணே" என்றார்.

அந்தத் துண்டையும் முள் முள்ளாகப் பிரித்துச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.